‘சரி, வர்றேன்’ என்றால் போகிறேன் என்று பொருள்

கதையில் ஒருவர் நண்பரின் வீட்டில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்திருக்கிறார். “சரி, வர்றேன்” என்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார். இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஒருவர் “ஓகே, ஐ ஆம் கமிங்” என்று எழுதினார். வருகிறேன் என்று சொன்ன ஆள் அடுத்த வரியிலேயே வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். படிக்கிறவர் என்னதான் நினைப்பார்?

அப்படி எழுதியவன் நான்தான். மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிது. அகராதியைக் கேட்டால் அந்த வரியில் பிழையே கிடையாது. ‘வா’ என்றால் ‘கம்’தான். காலம் சரி, இடம் சரி, எண் சரி. ஆனால் அந்த இடத்தில் ‘வர்றேன்’ என்பது வருகையைப் பற்றிய தகவலே அல்ல, விடைபெறும் பேச்சு. ஆங்கிலத்தில் விடைபெறுகிறவர் என்ன சொல்வாரோ அதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பின் பாதிப் பாடம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. சொல்லுக்கு என்ன பொருள் என்பது அகராதியின் கேள்வி. இந்த ஆள், இந்த ஆளிடம், இந்த நேரத்தில் இதைச் சொல்லி என்ன செய்கிறார் என்பது மொழிபெயர்ப்பவரின் கேள்வி. விடைபெறுகிறாரா, மிரட்டுகிறாரா, அனுமதி கேட்கிறாரா, எச்சரிக்கிறாரா? அது பிடிபட்டுவிட்டால் சொல் பின்னாலேயே வரும். பிடிபடாவிட்டால் எவ்வளவு பெரிய அகராதியும் உதவாது.

தொல்காப்பியத்தின் மரபியலில், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலின் வகைகளைச் சொல்லும் இடத்தில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று ஒன்று வருகிறது. அதர் என்றால் வழி. யாத்தல் என்றால் கட்டுதல், அமைத்தல். அந்தத் தொடரில் இரண்டு வினைகள் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பெயர்ப்பது ஒரு வேலை. பெயர்த்ததை நெறிப்பட மறுபடி கட்டுவது இன்னொரு வேலை. முதல் வேலை சரியாக நடந்தால் மொழிபெயர்ப்பு துல்லியமாக இருக்கும், இரண்டாவது சரியாக நடந்தால் இயல்பாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை அரைகுறையாகச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

பெயர்ப்பது

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவன் ரன் செய்தால் ஓடுகிறான். ஒருவர் கம்பெனியை ரன் செய்தால் நடத்துகிறார். மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. தேர்தலில் ரன் செய்பவர் போட்டியிடுகிறார். கையிருப்பு ரன் அவுட் ஆனால் தீர்ந்துவிட்டது. ஐந்து இடம், ஐந்து தமிழ் வினை. ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று மனப்பாடம் செய்தவருக்கு இதில் முதல் வாக்கியம்தான் கைகூடும்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று தோன்றும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், தெரிந்த சொல் என்று நினைத்து நிற்காமல் கடந்துபோகும் இடத்தில். தெரியாத சொல் நம்மைக் காப்பாற்றும், ஏனென்றால் அகராதியை எடுப்போம். தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். அதிலும் இரண்டு மொழியிலும் ஒரே உருவத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுவது நல்லது. தமிழில் அவசரம் என்றால் விரைவு. தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். மலையாளத்தில் வாய்ப்பு. இந்தியில் ‘சிக்ஷா’ என்றால் கல்வி, மலையாளத்தில் அது தண்டனை. தமிழில் வெள்ளம் ஊரை அழிக்கும், மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர். வங்காளத்தில் ‘சேஷ்டா’ என்பது முயற்சி. நம் வீட்டுப் பிள்ளை சேட்டை செய்தால் அதை முயற்சி என்று யாரும் பாராட்டுவதில்லை.

இந்தப் பட்டியலை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் 1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. சுயநினைவின்றிக் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி, கியூபாவிலிருந்து வந்த அவருடைய தரப்பினர் ‘இன்டாக்சிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்ல வந்தது. மருத்துவர்களின் காதில் அது ‘இன்டாக்சிகேட்டட்’ என்று விழுந்தது. போதைப்பொருள் அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. அது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது, கை கால்கள் செயலிழந்துபோயின. பிற்பாடு ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின் மதிப்பு சுமார் 71 மில்லியன் டாலர்.

பெரிய சொற்களில் மட்டும் கண் வைத்தாலும் போதாது. துல்லியம் பெரும்பாலும் தவறிப்போவது சின்னச் சொற்களில், விகுதிகளில். 1889-இல் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்குக்கும் இத்தாலிக்கும் வுச்சாலே என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் 17-ஆவது பிரிவு, பிற நாடுகளோடு எத்தியோப்பியா வைத்துக்கொள்ளும் தொடர்பைப் பற்றியது. எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் இருந்த பிரதியில், இத்தாலிய அரசின் வழியாகத் தொடர்புகொள்ளலாம் என்று இருந்தது. இத்தாலியப் பிரதியின்படி அப்படித்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஆனது. தமிழில் பார்த்தால் ‘லாம்’, ‘வேண்டும்’ அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வேறுபாட்டை வைத்து எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி உரிமை கொண்டாடியது. மெனெலிக் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். போர் மூண்டு, 1896 மார்ச் 1 அன்று ஆட்வாவில் இத்தாலியப் படை தோற்றது. நாடு பிடிக்கும் ஆசைதான் போருக்குக் காரணம், ஒரு வினைச்சொல் மட்டும் அல்ல. ஆனால் அந்த ஆசை ஏறி நிற்க இடம் கொடுத்தது அந்த வினைச்சொல்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது இதே கண்ணி நமக்கும் உண்டு. ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ இரண்டையும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். ஒன்று கட்டாயம், மற்றது பரிந்துரை. “இந்தக் கருவியை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்” என்றால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? பரிந்துரை என்றால் ‘துடைப்பது நல்லது’ என்று எழுதலாம். கட்டாயம் என்றால் ‘கட்டாயம் துடைக்க வேண்டும்’ என்று ஒரு சொல் கூட்டிக்கொள்ளலாம். கூட்டுவது தப்பில்லை. மூலத்தில் அந்தப் பொருள் இருக்கிறது, தமிழில் அதற்கு ஒரு சொல் கூடுதலாகச் செலவாகிறது, அவ்வளவே.

எதிர்மறையில் இன்னும் கவனம் தேவை. “நாட் ஆல் தி ஆன்ஸர்ஸ் ஆர் ரைட்” என்பதை “எல்லா விடைகளும் சரியில்லை” என்று எழுதினால், எல்லாமே தவறு என்றுதான் பலர் படிப்பார்கள். சொல்ல வந்தது சில விடைகள் தவறு என்பது. அப்படியே எழுதிவிடலாமே. “ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்” என்பதில் ஆங்கிலம் ‘இல்லை’ என்பதை ‘திங்க்’ மேல் ஏற்றுகிறது. ஆனால் இல்லாமல் போவது நினைப்பு அல்ல, வருகை. “அவன் வரமாட்டான்னு நினைக்கிறேன்” என்றால் தமிழாகவும் இருக்கிறது, பொருளும் கலையவில்லை.

மூலம் சொல்லாததைச் சொல்ல வேண்டிய கட்டாயம்

மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கருத்தைச் சொன்னார். மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில். முதல்முறை படித்தபோது இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். வேலை செய்யச் செய்யத்தான் புரிந்தது.

ஆங்கிலத்தில் ‘மை பிரதர்’ என்று ஒரு வரி. தமிழில் எழுத வேண்டும். அண்ணனா, தம்பியா? மூலத்தில் இல்லை. ‘சகோதரர்’ என்று போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் எந்தத் தமிழரும் பேச்சில் “என் சகோதரர் வந்தார்” என்று சொல்வதில்லை. நாவலாக இருந்தால் நூறு பக்கம் தள்ளி யாருக்கு எத்தனை வயது என்று ஒரு வரி கிடைக்கலாம். அதனால்தான் முழுவதையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கு என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் தம்பி என்று எழுதிவிட்டு ஏழாம் அத்தியாயத்தில் அவன்தான் மூத்தவன் என்று தெரிந்தால் வரும் எரிச்சல் பட்டவர்களுக்குத் தெரியும்.

‘யூ’ வந்தால் நீயா, நீங்களா? கதையில் இருவரும் முதலில் அந்நியர்கள், பிறகு நெருங்குகிறார்கள் என்றால், எந்த வரியில் ‘நீங்கள்’ ‘நீ’ ஆகிறது? ஆங்கிலத்தில் எழுதியவர் அந்த முடிவை எடுக்கவே இல்லை. நீங்கள் எடுத்தாக வேண்டும்.

‘வீ’ இன்னும் சுவையானது. ஒரு நிறுவனத்தின் அறிக்கை “வீ வில் புரொடெக்ட் நேச்சர்” என்கிறது. “நாங்கள் இயற்கையைக் காப்போம்” என்றால் அது நிறுவனத்தின் வாக்குறுதி. “நாம் இயற்கையைக் காப்போம்” என்றால் வேலையில் பாதி படிப்பவர் தலையில் விழுகிறது. ஆங்கிலம் மழுப்பிக்கொண்டு போகிற இடத்தில் தமிழ் பதில் கேட்கிறது. எழுதியவரிடம் கேட்க முடிந்தால் கேட்டுவிடுவதே மேல். கேள்வி கேட்டால் மொழி தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். கேள்வியே கேட்காத மொழிபெயர்ப்பாளரைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

தமிழிலிருந்து வெளியே போகும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். ‘அவர் சொன்னார்’ என்பதில் அவர் ஆணா பெண்ணா? ஆங்கிலம் விடாது. இன்னொன்று, நம் துணைவினைகள். சொல், சொல்லிவிடு, சொல்லிவை, சொல்லித் தொலை. நான்கிலும் செய்யச் சொல்வது ஒரே செயல்தான். ஆனால் ஒன்றில் முடித்துவிடும் தொனி, ஒன்றில் பின்னால் உதவும் என்ற முன்யோசனை, ஒன்றில் பொறுமை தீர்ந்துபோன சலிப்பு. ‘தொலை’க்கு அகராதியில் பொருள் பார்த்து ஆங்கிலத்தில் போட்டால் கதை கெட்டது. சலிப்பை எடுத்துக்கொண்டு, அந்த மொழியில் சலித்துக்கொள்கிறவர் எப்படிப் பேசுவார் என்று பார்க்க வேண்டும். ‘அவன் வந்தான்’, ‘அவனும் வந்தான்’, ‘அவன்தான் வந்தான்’, ‘அவனே வந்தான்’ என்பவையும் அப்படித்தான். நாம் ஒட்டுகிற ஓரிரு எழுத்துக்கு அங்கே சில சமயம் வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

கட்டுவது

பொருள் கைக்கு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது தமிழில் கட்ட வேண்டும். இங்கே தடுமாறுவதற்குக் காரணம் தமிழ் தெரியாமை அல்ல. மூலம் கண் முன்னால் இருக்கும்வரை அதன் எலும்புக்கூடு நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இதைப் பாருங்கள்: “அவன் உள்ளே வந்தான். அவன் தனது பையை ஒரு மேசையின் மீது வைத்தான். அவன் உட்கார்ந்தான்.” தப்பு என்று எதையும் சுட்ட முடியாது. ஆனால் தமிழில் யோசிக்கிறவர் “உள்ளே வந்து பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான்” என்று எழுதுவார். எச்சங்களைக் கோத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு முற்றில் முடிப்பது தமிழின் நடை. எழுவாயைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆங்கிலத்தின் கட்டாயம், நமக்கு வினைமுற்றே அதைச் சொல்லிவிடுகிறது. “அவர் ஒரு மருத்துவர்” என்பதில் அந்த ‘ஒரு’ எதற்கு? “உங்கள் கைகளால் உங்கள் கண்களை மூடிக்கொள்ளுங்கள்” என்பதில் இரண்டு ‘உங்கள்’ எதற்கு? வேறு யாருடைய கண்ணை மூடப்போகிறோம்? ‘கையால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்’ போதும்.

‘படு’ வினையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்புத் தமிழின் முகத்திலேயே அதுதான் எழுதியிருக்கிறது. “இந்தக் கடிதம் அவரால் எழுதப்பட்டது.” ஆங்கிலம் ஏன் செயப்பாட்டுவினைக்குப் போகிறது? பெரும்பாலும் கடிதத்தை வாக்கியத்தின் முன்னால் வைப்பதற்காக. அங்கே சொற்களின் வரிசை இறுக்கமானது, இடம் மாற்றினால் யார் யாரை என்பதே மாறிவிடும். நமக்கு வேற்றுமை உருபு இருக்கிறது. “இந்தக் கடிதத்தை அவர்தான் எழுதினார்” என்று கடிதத்தைத் தாராளமாக முன்னால் வைக்கலாம். “இந்தக் கடிதம் அவர் எழுதியது” என்றும் சொல்லலாம். ‘படு’வைத் தமிழிலிருந்து விரட்ட வேண்டும் என்று சிலர் கிளம்புவார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. செய்தது யார் என்று தெரியாதபோதும் சொல்ல விரும்பாதபோதும் அதற்கு வேலை உண்டு. மூலத்தில் இருந்தது என்பதற்காக மட்டும் வரக் கூடாது.

வரிசையும் முக்கியம். ஆங்கில எச்சரிக்கை முதலில் தடையைச் சொல்லி, பிறகு விலக்கைச் சொல்லும். அதே வரிசையில் “மூடியைத் திறக்காதீர்கள், மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தால் ஒழிய” என்று எழுதினால் தமிழ் மூக்கில் ஏறுகிறது. “மின்சாரத்தை நிறுத்திய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.” இரண்டு எதிர்மறையும் போயின, எதை முதலில் செய்ய வேண்டுமோ அது முதலில் வந்துவிட்டது. ஆபத்தான கருவியின் அருகில் நின்று படிப்பவருக்கு இந்த வரிசை வெறும் நடையழகு அல்ல.

எவ்வளவு தூரம் போகலாம்?

இது பழைய வழக்கு. பைபிளை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு கடிதத்தில், தான் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில்லை, பொருளுக்குப் பொருள் பெயர்ப்பதாகச் சொன்னார். ஆனால் வேதநூல் மட்டும் விலக்கு, அங்கே சொற்களின் வரிசையிலும் மறைபொருள் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் மறைந்த செப்டம்பர் 30-ஐத்தான் உலக மொழிபெயர்ப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்த ஒரு தேர்வு கல்லிலேயே நின்றுவிட்டது. பைபிளில், மலையிலிருந்து இறங்கிய மோசே என்ற தீர்க்கதரிசியின் முகத்தைப் பற்றிய இடத்தில், கொம்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ள ஓர் எபிரேய வினை வருகிறது. முகம் ஒளிவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் பொருள். ஜெரோம் ‘கொம்புடைய’ என்று எழுதினார். ரோமில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேயின் தலையில் இன்றும் இரண்டு கொம்புகள் இருக்கின்றன.

1964-இல் அமெரிக்க மொழியியலாளர் யூஜீன் நைடா இந்த வழக்குக்கு வேறு பெயர் கொடுத்தார். மூலத்தின் வடிவத்தை ஒட்டி நிற்பது ஒரு வகைச் சமானம், படிப்பவரிடம் மூலம் உண்டாக்கிய விளைவை உண்டாக்குவது இன்னொரு வகை. எது சரி? யாருக்காக, எதற்காக என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டில் விளைவுதான் எல்லாம். சட்டப் பிரதியில் வடிவத்தை அவ்வளவு எளிதில் கலைக்க முடியாது, ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால் பத்து இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல்தான் வர வேண்டும், அலுப்பாக இருந்தாலும். கவிதை தனி உலகம், அங்கே ஒலியும் பொருளின் பகுதி.

ஆனால் தொடங்குகிறவர்களிடம் நான் பார்த்தது வேறு. அவர்கள் கொள்கை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் போவதில்லை. வாக்கியம் புரியாத இடத்தில்தான் அப்படிப் போகிறார்கள். எல்லாச் சொல்லும் வந்துவிட்டது, இனி யாரும் குறை சொல்ல முடியாது என்று ஒரு பாதுகாப்பு. அது ஒளிந்துகொள்ளும் இடம். உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு வரி முரட்டுத்தனமாக இருந்தால் அதைப் பூசி மெழுகாமல் மூலத்துக்குத் திரும்பிப் போங்கள். அநேகமாக நீங்கள் புரிந்துகொள்ளாத வரி அதுவாகத்தான் இருக்கும்.

இதன் மறுமுனையும் உண்டு. சிலருக்குத் தமிழ் நன்றாக வரும், மூலம்தான் வராது. வழுக்கிக்கொண்டு போகும் நடை, நடுவே ஓர் எதிர்மறை விட்டுப்போயிருக்கும், பதினைந்து ஐம்பது ஆகியிருக்கும், மூலத்தில் இல்லாத பழமொழி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பும் இப்போது இந்த ரகத்துக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் அதன் பிழை கண்ணில் அறைந்தது. இப்போது சரளமாகப் பிழை செய்கிறது, அதனால் பிடிப்பது கடினம்.

கையில் எடுத்தால்

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். முழுவதையும் ஒருமுறை படிப்பேன், பேனா இல்லாமல். அதே துறையில் தமிழிலேயே யோசித்து எழுதிய ஏதாவதொன்றைப் படிப்பேன், சொற்கள் அங்கே உயிரோடு கிடைக்கும். பிறகு ஒரு பத்தியைப் படித்துவிட்டு மூலத்தை மூடிவைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வாயில் வராவிட்டால் புரியவில்லை என்று அர்த்தம். வந்ததை எழுதிய பிறகுதான் மூலத்தைத் திறந்து வரிவரியாக ஒப்பிடுவேன். எண், பெயர், எதிர்மறை, ‘லாம்’, ‘வேண்டும்’, ‘மட்டும்’, ‘கூட’ எல்லாவற்றையும் விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.

அகராதியில் ஆங்கிலம்–தமிழ் ஒன்றோடு நிற்காமல் ஆங்கிலம்–ஆங்கிலம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்ல துணை. 1992-இல் முதலில் வந்தது, சொற்கள் இன்று எப்படி வழங்குகின்றன என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுகிறது.

ஒரு நாள் ஆறப்போட்டு, மூலத்தைத் தொடாமல் தமிழை மட்டும் படித்துப் பாருங்கள். எங்கே நின்று இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறதோ அங்கே ஒரு கோடு. முக்கியமான பிரதி என்றால், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் தமிழைக் கொடுத்து மறுபடி ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லலாம். மருத்துவ ஆய்வுகளின் கேள்வித்தாள்களுக்கு இதை முறையாகவே செய்கிறார்கள். திரும்பி வரும் ஆங்கிலம் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். ‘லாம்’ போன இடத்தில் ‘மஸ்ட்’ திரும்பி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால் பிழை அவர் பக்கமா உங்கள் பக்கமா என்று வாக்குவாதம் வேண்டாம், அந்தத் தமிழ் வரியை எடுத்து இருவரும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.